நெஞ்சில் கம்பெனி, முதுகில் கடை

செப்டம்பர் 22, திங்கள்

கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. இதுவரை பால் கணக்குக்கூட நான் இதில் எழுதியதில்லை. மனதில் இருப்பதை எங்காவது கொட்டுங்கள், ரத்தக் கொதிப்பு இறங்கும் என்று டாக்டர் சொல்கிறார். பெண்டாட்டி பகவதியிடம் கொட்டினால் ஏறுகிறது. ஆகவே டைரி.

முதல் பக்கத்தில் பெயர், தொழில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் பெயிண்ட் கடை. வேலைக்கு இரண்டு பேர். சரக்கு ஏற்றி இறக்குவது, வண்டியில் கொண்டு போய்ச் சேர்ப்பது எல்லாம் சுடலைமணி. நிறம் கலக்கும் மிஷினும் பில்லும் உலகம்மை. என் மகள் சங்கரியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் சுடலை வேலைக்கு வந்தான். அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான்.

இன்று கம்பெனி விற்பனைப் பையன் ஜெபின் வந்தான். "சார், உங்க கோ-ஆப் பணம் தொடாம அப்படியே கெடக்கு. வருசம் முடிஞ்சா கம்பெனியே எடுத்துக்கும்" என்றான். கோ-ஆப் என்றால் கூட்டுறவுச் சங்கம் இல்லை. நாம் எடுக்கும் சரக்குக்குத் தக்கபடி நம் பெயரில் விளம்பரத்துக்கென்று கம்பெனி ஒதுக்கும் தொகை. அவர்கள் சின்னமும் நம் கடைப் பெயரும் சேர்ந்து தெரியும்படி ஏதாவது செய்து பில்லைக் கொடுத்தால் செலவு அவர்களுடையது. வழக்கமாக நான் சுவரில் எழுதுவேன். இந்த வருஷம் ஊரில் ஒரு சுவர் காலி இல்லை, எல்லாவற்றையும் கட்சிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள்.

"ஸ்டாஃபுக்கு டி-ஷர்ட் அடிங்க சார். நெஞ்சுல கம்பெனி சின்னம், முதுகுல உங்க கடைப் பேரு. பொம்பளையாளுக்கு ஓவர்கோட்" என்றான் ஜெபின்.

இரண்டு பேர் சட்டையைப் பார்த்து எவன் பெயிண்ட் வாங்க வருவான் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீ குடித்துப் போனான்.

செப்டம்பர் 27, சனி

சங்கரிக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம், பட்டு வேட்டி. சம்பந்திக்கும் சம்பந்தியம்மாளுக்கும் துணி. மாப்பிள்ளையின் தங்கைக்கும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்று பகவதி சொல்கிறாள். மழை வேறு வரப்போகிறது. மழையில் எவன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பான்? கடையில் ஈ ஓட்டுகிறேன். உலகம்மை மிஷினைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவாள் போலிருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷினுக்கும் தராசுக்கும் சந்தனம் வைத்தோம். பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு சுடலை கேட்டான்: "அண்ணாச்சி, சவுளிக்கடைக்கு என்னைக்குப் போறோம்? பிள்ளைய இப்பவே நச்சரிக்குதுவ."

ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு பேரையும் குடும்பத்தோடு ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போவேன். அவர்கள் எடுப்பார்கள், நான் பில் கொடுப்பேன். கடை வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். சிலர் பணமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

"பாப்போம் சுடலை" என்றேன்.

அக்டோபர் 4, சனி

குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. கம்பெனி டி-ஷர்ட்டும் துணிதானே. புதுத் துணிதானே. கோ-ஆப் பணம் வீணாகாது, தீபாவளித் துணியும் ஆயிற்று. இதில் யாருக்கு நஷ்டம்? நல்ல பனியன் துணி, திருப்பூர் சரக்கு, கடையில் வாங்கினால் விலை சும்மாவா இருக்கும்?

ஜெபினுக்குப் போன் போட்டு டி-ஷர்ட் அடிக்கிறவன் நம்பரை வாங்கினேன். சுடலைக்கு இரண்டு. உலகம்மைக்கு ஓவர்கோட் இரண்டு. சின்ன அளவிலும் இரண்டு போடச் சொன்னேன், சுடலையின் மகளுக்கும் சின்னவனுக்கும். பில் கம்பெனிக்குத்தானே போகிறது, பிள்ளைகளை ஏன் விடவேண்டும்? இதுகூட எல்லா முதலாளிக்கும் தோன்றாது.

பகவதியிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை.

அக்டோபர் 11, சனி

பார்சல் வந்தது. ஆரஞ்சு நிறம். சாதாரண ஆரஞ்சு இல்லை, ரோடு போடும் இடத்தில் நிற்பவர்கள் போட்டிருக்கிற மாதிரி. நெஞ்சில் கம்பெனி சின்னம் உள்ளங்கை அகலத்துக்கு. முதுகில் கோமதி பெயிண்ட்ஸ், சங்கரன்கோவில், போன் நம்பர். உலகம்மையின் ஓவர்கோட் மட்டும் வெள்ளை. பிள்ளைகளின் சட்டையிலும் போன் நம்பர் அடித்திருக்கிறான் முட்டாள்.

மேல்மாடிக் குடோனில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஜவுளிக்கடையில் பாதி நாள். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் எடுத்தாயிற்று. பகவதி தனக்கு எதுவும் வேண்டாம் என்றாள், பிறகு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்துக்கொண்டாள். பணம் கொடுக்கும்போது, இன்னும் இரண்டு பை வேண்டும், வெறும் பை, என்று கேட்டேன். பையன் நீட்டினான். எதற்கென்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன், அது என்ன என்பதை எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மதியத்தோடு கடை அடைப்பு. தாம்பூலத் தட்டில் ஸ்வீட் பெட்டியும் ஜவுளிக்கடைப் பையுமாக வைத்து இரண்டு பேரிடமும் கொடுத்தேன்.

"இந்த வருசம் கூட்டிட்டுப் போக நேரமே இல்ல. நானே எடுத்துட்டேன்."

"நீங்க எடுத்தா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று சுடலை பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, "பேச்சிக்கும் இதுலயே இருக்கா?" என்றான். பேச்சியம்மாள் அவன் பெண்டாட்டி.

"எல்லாம் இருக்கு. வீட்டுல போய்ப் பிரிச்சுப் பாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். கையில் கொஞ்சம் பணம் வைத்து, பேச்சிக்கு நீயே ஒன்று எடுத்துக்கொள் என்றிருக்கலாம். ஜவுளிக்கடை இன்னும் திறந்துதான் இருந்தது. உலகம்மை மட்டும் பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "சேலை கனமே இல்லையே அண்ணாச்சி, நைலக்ஸா?" என்றாள். நான் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

அக்டோபர் 20, தீபாவளி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, சம்பந்தி, எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணியில் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுடலை வருஷாவருஷம் தீபாவளியன்று குடும்பத்தோடு வீட்டுக்கு வருவான். இன்று வரமாட்டான் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தான். வெள்ளை வேட்டி, மேலே அந்த ஆரஞ்சு டி-ஷர்ட். மகளும் சின்னவனும் அதே ஆரஞ்சில். மூன்று பேர் காலரிலும் மஞ்சள் வைத்திருந்தார்கள். புதுத்துணி என்றால் மஞ்சள் வைக்காமல் உடுத்துவார்களா? பேச்சியம்மாள் பின்னால் நின்றாள், பழைய சேலையில். இஸ்திரி போட்ட பழைய சேலை.

சம்பந்தி முறுக்கைக் கடித்துக்கொண்டே, "என்ன சம்பந்தி, தீவாளிக்கும் விளம்பரத்த விடமாட்டீய போலுக்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை போனை எடுத்து, "திரும்பி நில்லுங்க தம்பி, போன் நம்பரு தெரியட்டும்" என்று சின்னவனைத் திருப்பினார். சுடலையின் மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. கைகளைக் கட்டி நெஞ்சிலிருந்த சின்னத்தை மறைத்துக்கொண்டாள்.

அப்போது நான் சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன்: "கடைக்குப் போடக் குடுத்தது சம்பந்தி. நல்ல நாளுக்கு உடுத்தாதல, நான் எடுத்துக் குடுத்தத உடுத்துன்னு சொன்னேன். எங்க கேக்கான்!"

சுடலை இரண்டடி தள்ளித்தான் நின்றான். அவன் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. சின்னவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சிரித்து, "ஆமாய்யா, இது நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சு, அதாம் போட்டுட்டேன்" என்றான்.

சங்கரி பலகாரத் தட்டை அவன் கையில் கொடுத்து, "உக்காருங்க மாமா" என்றாள். அவன் உட்காரவில்லை. வேறு வீட்டுக்குப் போகவேண்டும் என்றான். அவர்களுக்குப் போக வேறு வீடு கிடையாது. அதற்குப் பிறகு சங்கரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டதும் பகவதி கேட்டாள்: "பேச்சிக்கு என்ன குடுத்திய?"

நான் மாத்திரை டப்பாவைத் தேடினேன்.

"உங்களத்தான் கேக்கேன். அந்தப் பிள்ளையளுக்குக் கம்பெனிச் சட்டையா குடுத்திய? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பட்ட நான் எடுத்திருப்பனா?"

மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

கடை திறந்தாயிற்று. உலகம்மை ஓவர்கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டு வந்து நின்றாள். "தீவாளியும் அதுவுமா இதப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன் அண்ணாச்சி. எந்த ஆஸ்பத்திரின்னு பூசாரி கேட்டாரு. பூக்காரி இருமலுக்கு மாத்திர கேட்டா" என்றாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சுடலையும் ஆரஞ்சு போட்டிருந்தான். கைலி, ஆரஞ்சு டி-ஷர்ட். காலரில் மஞ்சள் அப்படியே இருந்தது, துவைத்தும் போகவில்லை. வழக்கம்போல, "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். அவனிடம் சொல்லவேண்டியதை நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன். பிறகு, ப்ரைமர் டப்பாவைப் பின்னால் அடுக்கு, மழைச் சாரல் படுகிறது என்று சொன்னேன்.

அக்டோபர் 29, புதன்

மழை. வியாபாரம் இல்லை. சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஜெபின் வந்தான். தனியாக இல்லை. பில் சரிபார்க்கிற மேடம் ஒருவர் மதுரை ஆபீசிலிருந்து கூடவே வந்திருந்தார். கோ-ஆப் பணம் எடுத்த எல்லாக் கடைக்கும் போகிறார்களாம்.

மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பில்லைப் படித்தார். "சின்ன அளவுல ரெண்டு இருக்கே, இது யாருக்கு? இங்க சின்னப் பசங்க யாரையாவது வேலைக்கு வச்சிருக்கீங்களா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது வியர்த்துவிட்டது. பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறான் என்று எழுதினால் ஏஜென்சியே போய்விடும். ஜெபின் என் முகத்தைப் பார்க்கிறான். இல்லை மேடம், தீபாவளித் துணிக்குப் பதிலாக இதைக் கொடுத்தேன் என்று சொல்லவேண்டும். சுடலை எதிரில் டப்பா அடுக்கிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லவேண்டும். கல்லாவைத் திறந்து மூடினேன்.

சுடலைதான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "எம் பிள்ளையளுக்கு மேடம். நாந்தாம் கேட்டேன். பிள்ளைய ஆசப்பட்டுச்சுன்னு அண்ணாச்சிகிட்ட நச்சரிச்சு வாங்குனேன். அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ."

"இது கம்பெனி காசுப்பா. கடையில வேலை செய்யிறவங்களுக்குன்னு குடுக்குறது. வீட்டுல உள்ளவங்களுக்கெல்லாம் கேட்டு வாங்கலாமா? தப்புன்னு தெரியாது?"

கம்பெனி காசு என்று அவர் சொன்னபோது சுடலையின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் மாறவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தீபாவளி அன்று பையைப் பிரித்தபோதே தெரிந்திருக்கும், தெரிந்துதான் மஞ்சள் வைத்து உடுத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறான். நான் கொடுத்தது என்பதற்காக.

"தெரியாமக் கேட்டுட்டேன் மேடம்" என்றான்.

"அந்த ரெண்டையும் திருப்பிக் குடுத்துடுங்க. பில்லுல கழிச்சுக்கறேன்."

நான் அங்கேயேதான் நின்றேன். கல்லாவில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் மழையில் சைக்கிளை மிதித்துப் போய், இரண்டு சட்டைகளையும் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தான். துவைத்து மடித்திருந்தது. சின்னவன் சட்டையில் மத்தாப்புப் பொறி பட்டு ஒரு ஓட்டை. மேடம் அதை விரலால் தூக்கிப் பார்த்து, "இது வேஸ்ட்" என்று ஓரமாகப் போட்டார். பிறகு போட்டோ எடுக்கவேண்டும் என்று சுடலையையும் உலகம்மையையும் கடை வாசலில் நிற்கவைத்தார்கள். முன்பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. "எழுத்து சரியாத் தெரியல, நேரா நில்லுங்க" என்றான் ஜெபின். சுடலை நேராக நின்றான்.

நவம்பர் 7, வெள்ளி

எனக்கு அசிங்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

உலகம்மை இன்று நிறம் கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னைக்கு அந்த மேடம் பேசினது நல்லால்ல அண்ணாச்சி. நீங்க பேசாதது அதவிட நல்லால்ல."

இன்னொரு முதலாளியாக இருந்தால் அவளை அனுப்பியிருப்பான். நான் தலையாட்டினேன்.

நவம்பர் 15, சனி

கோ-ஆப் பணம் கணக்கில் வந்துவிட்டது. ஜெபின் போன் செய்து வாழ்த்துச் சொன்னான். நன்றி என்றேன். வைத்த பிறகு அந்த நன்றிக்காக என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மாலையில் சுடலையைக் குடோனுக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். "தீவாளிக்கு நான் பண்ணுனது தப்பு சுடலை. அன்னைக்குச் சம்பந்தி முன்னால சொன்னதும் பொய். மேடம்கிட்ட நீ சொன்னப்பவும் நான் வாயத் தொறக்கல. மனசுல வச்சுக்கிடாத." நாலு வாக்கியம். மூன்று வாரத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்தது.

அவன் பதறிவிட்டான். "என்ன அண்ணாச்சி இது? பெரிய வார்த்தயெல்லாம் சொல்லிக்கிட்டு. கம்பெனி குடுத்தா என்ன, நீங்க குடுத்தா என்ன. துணிதான?" என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டான். எனக்காகத்தான் அவ்வளவு வேகமாகப் போனான். நான் இன்னும் அங்கே நின்று கெஞ்சும்படி ஆகிவிடக்கூடாது என்று.

நவம்பர் 30, ஞாயிறு

திருக்கார்த்திகை வருகிறது. இரண்டு பேரையும் குடும்பத்தோடு ஜவுளிக்கடைக்கு வரச் சொல்லிவிட்டேன். பகவதியும் வந்தாள். சுடலை முதலில் தயங்கினான், "பண்டிகதான் முடிஞ்சிட்டே அண்ணாச்சி" என்றான். விடவில்லை. பிடித்த பிடியாக இழுத்துப் போனேன்.

கடைக்குள் போனதும் உலகம்மை விலைச்சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இருப்பதிலேயே கனமான சேலையாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு கோட்டுக்கும் சேத்து" என்றாள். பகவதி சிரித்துவிட்டாள். எனக்கும் மனம் லேசானது. இந்தப் பெண்ணிடம் கணக்கு முடிந்தது என்று தெரிந்தது. சுடலையின் மகள் ஒரு ஊதா சுடிதாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பகவதி அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

சட்டைப் பக்கம் சுடலையை நானே கூட்டிப் போனேன். கடைப்பையன் கரும்பச்சையில் ஒன்றை விரித்துப் போட்டான். சுடலைக்குப் பச்சை என்றால் உயிர், எந்தத் தீபாவளிக்கும் அதைத்தான் எடுப்பான். துணியைத் தடவினான். தோளில் வைத்துப் பார்த்தான். கண்ணாடியில் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு மடித்துப் பையனிடமே கொடுத்தான்.

"வெளுத்த கலருல காட்டுப்பா. சந்தனம் மாதிரி."

"ஏன், உனக்குப் பச்சதான பிடிக்கும்?" என்றேன்.

"பிடிக்கும் அண்ணாச்சி. ஆனா அதுல பேரு அடிச்சா எடுப்பாத் தெரியாதுல்லா? அன்னைக்கே எழுத்துத் தெரியலன்னு அந்தத் தம்பி சத்தம் போட்டாவ." குத்திக் காட்டுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. என் காசு வீணாகிவிடக்கூடாதே என்ற கவலைதான் அதில் இருந்தது. திரும்பிச் சேலைப் பக்கம் நின்ற பெண்டாட்டியிடம் சொன்னான்: "பேச்சி, நீயும் முந்தியில பூவேல இல்லாததாப் பாத்து எடு."

"எதுவும் அடிக்க மாட்டேன் சுடலை. இது உனக்கு. சும்மா, உனக்கு" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றான். சந்தன நிறச் சட்டையையே எடுத்துக்கொண்டான்.